ஆறு வீட்டுப் பாடும் என் ஒரு கூடையும்

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்துக்காரர்கள் இருந்த காலத்தில், அவர்கள் குசினிக்கு, அதாவது சமையல்கட்டுக்கு, சிங்கி இறால் கொடுத்தவன் நான். பெரிய உத்தியோகம் ஒன்றுமில்லை. ஆனாலும் கூடையோடு கோட்டை வாசலைக் கடக்கும்போது நடை மட்டும் தளபதி நடையாக இருக்கும்.

எங்கள் குப்பத்தில் ஆறு வீட்டுக்குப் பொதுவாகக் கடலடிப் பாறை ஒன்று உண்டு. நாளுக்கு ஒரு வீடு அங்கே சிங்கி பிடிக்கும் கூடு இறக்கலாம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாதி வீட்டார் சோம்பல்பட்டுத் தங்கள் பாட்டை விட்டுவிட்டு வலைக்குப் போய்விடுவார்கள். அந்தச் சோம்பல்தான் சிங்கியை வளர்த்தது என்று யாருக்குத் தெரியும்? அரிசி கொடுத்து மற்ற ஐந்து வீட்டுப் பாட்டையும் நானே வாங்கினேன். ஏழெட்டு வருஷம் தினமும் இறக்கினேன். முட்டை ஒட்டிய பெட்டைகள்தான் கோட்டைச் சமையல்காரருக்குப் பிடிக்கும். தேடித் தேடிக் கொடுத்தேன்.

முழங்கை நீளச் சிங்கி சாணாயிற்று, சாண் விரலாயிற்று. கப்பல் விருந்துக்குப் பன்னிரண்டு கேட்டார்கள். மூன்று நாள் இறக்கியும் இரண்டுதான். கப்பலுக்கு மரியாதையாகக் கோட்டையில் பீரங்கி வெடித்தது. எனக்குத்தான் என்று நினைத்து வலைக்குவியலுக்குள் புகுந்துவிட்டேன். மனைவியின் தம்பி என் காலைப் பிடித்து இழுத்தான்.

"இன்னா மாமா, நீயே கூட்டுல பூந்துக்கினியா? வெளிய வா. உன்ன அவிச்சாலும் விருந்துக்குப் பத்தாது."

ஏரி நண்டால் கூடையை நிரப்பிக்கொண்டு போனேன். சமையல்காரர் கிளறிப் பார்த்தார்.

"சிங்கி எங்கபா?"

"தீந்துபோச்சுங்க."

"அப்போ நாளைலேர்ந்து நீ வராத."

வேலை போனது. பாறையாவது மிஞ்சட்டும் என்று ஐந்து வீட்டுப் பாட்டையும் திருப்பிக் கொடுக்கப் போனேன். அடுத்த வீட்டு அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சட்டிய சுரண்டித் தின்னுட்டு, கழுவித் தர வந்துகிறியா? ரெண்டு மழ போவட்டும். அதுவரைக்கும் ஒருத்தரும் எறக்கக் கூடாது. மொதல்ல உன் கூட்டயெல்லாம் இங்க குடு."

அந்த இரண்டு மழைக்காலமும் நான் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. கரையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தே தேய்ந்தேன்.

பிறகு ஒரு நாள் அண்ணன் என்னையும் தோணியில் ஏற்றிக்கொண்டு போய் ஒரே ஒரு கூடு இறக்கினார். மறுநாள் கயிற்றை என்னையே இழுக்கச் சொன்னார். உள்ளே ஒன்று இருந்தது. சாண் நீளம், வயிறு நிறைய முட்டை. அண்ணன் சிங்கியைப் பார்க்கவில்லை, என் கையையே பார்த்தார். மெல்லத் தண்ணீரில் விட்டேன்.

"கை ஏன் நடுங்குது?"

"குளிரு" என்றேன். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.