லண்டன் மணி முன்னே போன திங்கட்கிழமை

சூப்பர்வைசராக எனக்கு அது முதல் திங்கட்கிழமை. வேலை தொடங்குவது இரண்டரைக்குத்தான் என்றாலும், புதுப் பதவியின் உற்சாகத்தில் கலஹாவிலிருந்து பஸ் பிடித்துப் பகல் பன்னிரண்டரைக்கே கண்டி அலுவலகத்தைத் திறந்துவிட்டேன். சோற்றுப் பார்சலைப் பிரிப்பதற்குள் எல்லா லைன்களும் ஒன்றாக அடிக்கத் தொடங்கின.

லண்டனில் உள்ள ஒரு பல் கிளினிக்குக்கு வரும் தொலைபேசிக் கோல்களை இங்கிருந்து எடுத்து அப்பொயின்ட்மென்ட் கொடுப்பது எங்கள் வேலை. குளிர்காலத்தில் அங்கே காலை எட்டு என்றால் இங்கே பகல் ஒன்றரை. மார்ச் கடைசியில் அங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவார்கள். அதைச் சொல்லிக் கிளினிக் அனுப்பிய மெயிலைப் பார்த்த நான், நாமும் ஒரு மணித்தியாலம் தள்ளி வரவேண்டும் என்று நினைத்து, எல்லோருக்கும் இரண்டரை என்று ரோஸ்டர் அனுப்பியிருந்தேன்.

மனேஜர் சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர். பயந்துகொண்டே அவருக்குக் கோல் எடுத்தேன்.

"அவையள் ஒரு மணித்தியாலம் முந்தி எழும்பினால் நாங்களும் முந்தி, பன்னிரண்டரைக்கெல்லோ வரவேணும், பிள்ளை," என்றார். பிறகு சிரித்துவிட்டார். "சரி, ஆக்களைக் கூப்பிடும். நானும் வாறன்."

பக்கத்துத் தெரு ரிஸ்வானா ஒன்றரை தாண்டித்தான் போனை எடுத்தாள்; உடனே வீட்டுச் செருப்போடு ஓடிவந்தாள்.

"ரெண்டரைக்கெண்டு தானே சென்னீங்க, அக்கா?"

"தப்பா எழுதிட்டேன். மொதல்ல ஹெட்செட்டை மாட்டு."

நான் அவளோடு பேசியது லைனில் இருந்த ஒரு பெரியவருக்குக் கேட்டுவிட்டது. அதுவரை ஆங்கிலத்தில் பேசியவர், "பிள்ளை, நீங்கள் தமிழோ?" என்றார். கிளினிக் வாசலில் நின்றுதான் எடுத்திருந்தார்; உள்ளே கேட்டதற்கு இந்த இலக்கத்துக்கு எடுக்கச் சொன்னார்களாம். மணிக்கூட்டை மாற்ற மறந்து, எட்டேகால் அப்பொயின்ட்மென்டுக்கு ஒன்பதேகாலுக்கு வந்திருக்கிறார். நான்கு நாளாகப் பல்வலி, கன்னம் வீங்கியிருந்தது. பதினைந்து நிமிடம் பிந்தினால் வேறு திகதி கொடுப்பதுதான் சட்டம். அடுத்த திகதி மூன்று கிழமைக்குப் பிறகுதான் இருந்தது.

நானே ஓர் அலுவலகத்தையே பிந்த வைத்தவள். அவருக்கு எந்த வாயால் சட்டம் சொல்வது? ஒன்பதே முக்காலுக்கு வரவேண்டிய ஒருவர் சற்றுமுன்புதான் வரமுடியாது என்று சொல்லியிருந்தார். அந்த இடத்தில் பெரியவரைப் போட்டேன்.

"அங்கேயே ஒக்காருங்க ஐயா, கூப்பிடுவாங்க."

"நல்லது பிள்ளை. உங்களுக்கு இந்த மணிக்கூடு மாத்துற கரைச்சல் இல்லைத்தானே?"

"மணிக்கூட்ட மாத்த வேண்டியதில்லைங்க. ஆளுங்க வர்ற நேரத்தத்தான் மாத்தணும்."

வலியோடும் சிரித்தார்.

சிவநேசன் சேர் வந்ததும், சட்டத்தை மீறியதை நானே சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, மணி முன்னே போகும் திங்கட்கிழமைகளில் பிந்தி வருபவர்களுக்காக இரண்டு இடங்களை வெறுமையாக வைக்கும்படி கிளினிக்குக்கு எழுதினார். அவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

ரோஸ்டர் போடப்போகும் தம்பி, தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான்: முன்னே, பின்னே என்று எழுதாதீர்கள். கண்டியில் எத்தனை மணிக்குக் கதிரையில் இருக்கவேண்டும் என்பதை மட்டும் எழுதுங்கள்.