பேய் வரிசையில் ஒரு டீச்சர்

எங்கள் தொழிற்சாலை அலுவலகத்தில் ஹாலோவீன் என்றால் எல்லாரும் தலைகால் புரியாமல் ஆடுவார்கள். தீபாவளிக்கு மறுநாள் ஒரு நாள் விடுப்புக் கேட்டால் ஆயிரம் கேள்வி வரும். பேய் வேஷம் போட்டுக்கொண்டு திரிவதற்கு மட்டும் ஒரு மதியம் முழுவதையும் மனமார விட்டுக்கொடுப்பார்கள். புக்கிட் ரம்பாயில் அந்த ஆபீஸின் ஏற்றுமதிப் பிரிவில் பல வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவள் நான். ஒரு தடவையும் வேஷம் போட்டதில்லை. கேக் வெட்டும் நேரத்துக்குப் போய்த் தின்றுவிட்டு வந்துவிடுவேன்.

அந்த வாரம் என் மனம் வேறு எங்கோ இருந்தது. தங்கா பத்துப் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளிக்குத் தற்காலிக ஆசிரியை தேவைப்பட்டது. ஒரு காலத்தில் ரப்பர் தோட்டப் பள்ளி. தோட்டம் போய் வீடமைப்பு வந்த பிறகும் பள்ளி போகவில்லை. வார இறுதிகளில் படித்து வாங்கிய என் தமிழ்ப் பட்டம் அலமாரியில் சும்மா கிடப்பது பக்கத்து வீட்டு டீச்சருக்குத் தெரியும். அவர்தான் என்னைப் பற்றிச் சொல்லியிருந்தார். தலைமையாசிரியை வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார். நிரந்தர வேலையை உதறிவிட்டு ஒப்பந்த வேலைக்குப் போவதா என்று வீட்டில் தினமும் பேச்சு. ஆபீஸில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

தேநீர் வேளையில் மீந்துபோன தீபாவளி முறுக்கை நொறுக்கிக்கொண்டிருந்தோம். ஆள் சேர்ப்புப் பிரிவில் இருக்கும் ஒருத்தி, என்னைவிடச் சின்னவள், பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வருஷா வருஷம் மாறுவேடப் போட்டியை நடத்துவதே அவள்தான்.

"இந்த வருஷம் என்னக்கா வேஷம்?"

"ஆளை விடு. நீ என்ன போடுற?"

"போன தடவ பொந்தியானாக். எல்லாரும் அதே மலாய்ப் பேயையே போடுறாங்க லா, போரிங். இந்தத் தடவ நான் தமிழ் ஸ்கூல் டீச்சர். காட்டன் சேலை, கொண்டை, இம்மாம் பெரிய பொட்டு, கையில ரோத்தான். செம ஸ்கேரி லா."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கையிலிருந்த முறுக்கைத் தட்டிலேயே போட்டேன். அவளும் தமிழ்ப்பள்ளியில் படித்தவள்தான். உன்னை எந்த டீச்சராவது அந்தப் பிரம்பால் அடித்தார்களா என்று கேட்டேன்.

"அடிச்சதெல்லாம் இல்லக்கா. சும்மா ஃபன்னுக்கு." அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா எங்கிட்ட காட்டன் சேலை இல்ல. உங்ககிட்ட கண்டிப்பா இருக்கும். பாத்தாலே தெரியுது."

பார்த்தாலே தெரிகிறதாம். எனக்குச் சுள்ளென்று ஏறியது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். முடியவில்லை.

"நானே தமிழ் ஸ்கூலுக்கு டீச்சரா போறதா இருக்கேன்."

அவள் முகம் மாறிய விதத்தை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"ஏன்க்கா, இங்க யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

வேலை போனவளிடம் கேட்பது போலக் கேட்டாள். ஒரு பெண் தானாக விரும்பித் தமிழ்ப்பள்ளிக்குப் போவாள் என்பது அவள் மண்டையில் ஏறவே இல்லை. சேலை இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். சேலை இருந்தது. கொடுக்க மனமில்லை.

குருபோங்கில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பும் வழி நெடுகப் பொருமினேன். வங்கி மேனேஜர் வேஷம் போடுவதுதானே? இன்டர்நேஷனல் ஸ்கூல் டீச்சராக வந்தால் யாராவது சிரிப்பார்களா? யாரைப் பேய் வரிசையில் நிறுத்தினால் கேட்க ஆள் இல்லை என்று பார்த்துத்தான் நிறுத்துகிறார்கள். அதைச் செய்வது வெள்ளைக்காரனும் இல்லை, சீனனும் இல்லை. தமிழ்ப்பள்ளியிலேயே 'அ' எழுதிப் பழகியவள். டீச்சர் என்றால் சேலையும் பிரம்பும்தான் என்று இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

"அவ வெளையாட்டுக்குத்தானே சொன்னா," என்றார் வீட்டுக்காரர்.

"வெளையாட்டுக்குத்தான். நாளைக்கு நான் போய்ச் சரின்னு சொல்லப் போறேன்."

"கோவத்துலயா முடிவெடுக்கிற?"

ஆமாம், கோபத்தில்தான் எடுத்தேன். நிதானமாக யோசித்தவரையில் எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்கு நான் என்ன செய்வது?

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஹாலோவீன் கூத்தும் அன்றைக்குத்தான். மதியத்துக்கு மேல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். நேராகப் பள்ளிக்குப் போகப் போகிறேன் என்பதால் காலையிலேயே நீலக் கரை வைத்த பருத்திச் சேலையைக் கட்டிக்கொண்டேன். கஞ்சி போட்டுத் தேய்த்தது. கொண்டையும் போட்டேன், பொட்டும் வைத்தேன்.

கேண்டீனைத் தாண்டித்தான் கார் நிறுத்துமிடத்துக்குப் போக வேண்டும். உள்ளே கறுப்புக் குப்பைப் பையைப் போர்த்திய டிராகுலாக்கள், முகத்தில் மாவு பூசிய பிணங்கள். நடுவில் அவள். யாரிடமோ சேலை வாங்கிப் பொட்டலம் கட்டியது போலச் சுற்றியிருந்தாள். "வாளப்பளம் சொல்லு, கைய நீட்டு," என்று ரோத்தானை ஆட்டினாள். அவளுக்கே 'ழ' வரவில்லை. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மேனேஜர் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். சீனர், நல்ல மனிதர், யார் மனமும் நோகப் பேசாதவர். கையில் எண் எழுதிய அட்டைகள் வைத்திருந்தார். கடைசியில் நீயும் கலந்துகொண்டாயே, என்ன வேஷம் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

டீச்சர் என்றேன். வேஷம் இல்லை, ஜனவரியிலிருந்து உண்மையாகவே தமிழ்ப்பள்ளி டீச்சர் என்றும் சொன்னேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிரமாதமாக நடிக்கிறாய், இரண்டு டீச்சரில் நீதான் அசல் மாதிரி இருக்கிறாய் என்று சொல்லி, என் சேலைத் தலைப்பில் ஓர் அட்டையைக் குத்திவிட்டார். அவள் தூரத்திலிருந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். காருக்குள் உட்கார்ந்து அட்டையைப் பிடுங்கியபோது ஊசி இழுத்துச் சேலையில் ஒரு நூல் பிரிந்துவிட்டது. அழுகையாக வந்தது. அழுதால் மை கரையும் என்று அடக்கிக்கொண்டு ஓட்டினேன்.

பள்ளி விடும் நேரம். வாசலில் பஞ்சாபி சூட்டும் விளையாட்டுச் சப்பாத்தும் போட்ட ஒருத்தர், கழுத்தில் விசிலோடு, வேனுக்குக் குறுக்கே ஓடப் பார்த்த ஒரு சிறுமியை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியை அறை எங்கே என்று அவரிடம் கேட்டேன்.

"நாந்தாம்மா. வாங்க," என்றார் மூச்சு வாங்கியபடி.

அறைக்குள் இரண்டு டீச்சர்கள் மடிக்கணினியில் எதையோ முடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் பஞ்சாபி சூட்தான். சேலை ஒருத்தரிடமும் இல்லை. பிரம்பும் கண்ணில் படவில்லை. நான் சேர்ந்துகொள்கிறேன் என்றேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். கொஞ்சம் தயங்கி என் சேலையை ஒரு தடவை பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்களுக்கு ஒண்ணாம் ஆண்டு. சின்னப் புள்ளைங்கள ஓடிப் புடிக்கணும். இது வேணாம், சரியா வராது."

சரி டீச்சர் என்றேன். காது இரண்டும் சூடாகிவிட்டன. யார் சொல்லிக்கொடுத்தது என்று அவளைத் திட்டிக்கொண்டே வந்தவள், அவள் போட்ட அதே வேஷத்தைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றிருந்தேன்.