நூற்றெட்டுக்குச் சொன்ன சாட்சி

என் வீட்டுக்காரர் சாமுவேல் சபையில் சுருண்டு விழுந்தபோது சுற்றியிருந்தவர்கள் "அல்லேலூயா" என்று கை தட்டினார்கள். ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று நினைத்தார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். மனுஷருக்கு வேர்த்துக் கொட்டி, சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. உலுக்கினேன், கண்ணைத் திறக்கவில்லை.

அன்று மாதக் கடைசி வெள்ளி. திண்டிவனம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்ச் சபையில் பகல் முழுக்க உபவாச ஜெபம். இவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. ஆனால் போன வருஷம் அதே சபையில் எழுந்து நின்று, "கர்த்தர் என் சுகரை எடுத்துப்போட்டார்" என்று சாட்சி சொல்லிவிட்டார்! சொல்லிவிட்டு வீட்டில் ஒளித்து ஒளித்து மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். எத்தனை தரம் தலையில் அடித்துக்கொண்டேன்! "சும்மா இரு, மானம் போயிடும்" என்பார். அன்று காலையும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு வாய் கஞ்சி குடிக்காமல் உபவாசத்துக்கு வந்து உட்கார்ந்தவரை என்னவென்று சொல்ல?

நூற்றெட்டுக்குப் போன் போட்டேன். பக்கத்தில் நின்ற சபை மூப்பர் தானியேல் அண்ணன் போனை வாங்கி ஸ்பீக்கரில் பேசினார். அந்தப் பக்கம் ஒரு பெண், எங்கே வரவேண்டும் என்று கேட்டாள்.

"எங்க சபைக்கு வந்துடும்மா. யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

"எந்த ஊருங்க சார்? எந்த ரோடு?"

அண்ணன் சபை கட்டின கதையை ஆரம்பித்தார். எனக்கு வந்த எரிச்சல் ஆண்டவருக்குத்தான் தெரியும். நடுவில் புகுந்து ஊர்ப் பேரையும், மெயின் ரோட்டில் ரைஸ் மில்லுக்கு எதிரே திரும்ப வேண்டும் என்பதையும் நானே சொன்னேன். மூச்சு இருக்கிறதா, வியாதி ஏதும் உண்டா, மாத்திரை சாப்பிடுகிறாரா என்று அவள் அடுத்துக் கேட்டாள்.

"மூச்சு வருது. வியாதியெல்லாம் இல்லம்மா, கர்த்தர் சுகம் குடுத்துட்டாரு" என்றார் அண்ணன். அவர் மேல் தப்பில்லை. இவர் சொன்னதை நம்பினார்.

நான் உண்மையைச் சொன்னால் சபைக்கு முன்னால் என் புருஷன் பொய்யன். சொல்லாவிட்டால் பிணம். "அப்பா, என் வாயைத் திறந்துவிடும்" என்று மனசுக்குள் கதறினேன். அவ்வளவுதான் என் ஜெபம். போனைப் பிடுங்கினேன்.

"சுகர் இருக்குதும்மா! காலைல மாத்திரை போட்டுக்கினு சாப்பிடாம வந்துட்டாரு. வேர்த்துக் கொட்டுது, கூப்ட்டா எழுந்திரிக்கல!"

அவள் குரலில் வேகம் வந்தது. "ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில எதுவும் ஊத்தாதீங்க. மூச்சைப் பார்த்துக்கிட்டே இருங்க, வண்டி வருது." அதற்குள் ஒரு அக்கா சர்க்கரைத் தண்ணீரோடு ஓடி வந்தாள். அவளோடு வேறு மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று.

வண்டியில் வந்த தம்பி இறங்கியதும் விரலில் குத்திப் பார்த்தார். "சுகர் ரொம்ப இறங்கிடுச்சு. விஷயத்தைச் சொன்னது நல்லதாப் போச்சும்மா" என்று கையில் குளுக்கோஸ் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் இவர் கண் திறந்தார். திறந்ததும் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டியா?"

எனக்கு அழுகையும் வந்தது, ஓங்கி அறையலாமா என்றும் வந்தது. ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே அழுதேன்.

பிரியமானவர்களே, உதவியை அனுப்புகிறவர் ஆண்டவர். அவரை முழுசாக நம்புங்கள். ஆனால் வருகிறவர்களுக்கு ஊரையும், நோயையும், தின்ற மாத்திரையையும் நாம்தான் சொல்ல வேண்டும். அதில் மானம் பார்க்காதீர்கள். இப்போது இவர் எல்லார் முன்னாலும் மாத்திரை போடுகிறார், நேரத்துக்குச் சாப்பிடுகிறார். விழுப்புரத்தில் நடக்கும் இந்தக் கூடுகைக்கும் வந்திருக்கிறார். அதோ, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார், பாருங்கள்.

என்னங்க, எழுந்து வாங்க. இந்த வாட்டி நெஜத்தைச் சொல்லுங்க.