உத்திரத்தில் வெட்டிய எண்

அவள் ரப்பர் விரிப்பைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கவாதத்தில் கிடந்த கணவர் போய் ஒரு வாரம் ஆகிறது. இனி அந்த விரிப்பு யாருக்கும் வேண்டாம். ஆனாலும் அழுக்கோடு எதையும் எடுத்துவைத்துப் பழக்கமில்லை. அழுகை வரவில்லை; கை பாட்டுக்கு வேலை செய்தது.

கொழுந்தன் வாசற்படியில் வந்து நின்றான். கணவரின் மீன்பிடிப் படகை ஓட்டுகிறவன் அவன்தான்.

"அண்ணி, நாளைக்குப் பதிவு ஆய்வாளர் வர்றாராம். போட்டை உங்க பேருக்கு மாத்த."

"வரட்டும்."

"பேசாம உள்ளூர்ப் பதிவுக்கே போயிடலாமே? துறைமுக ஆபீஸ்ல ஒரு கையெழுத்து, வேலை முடிஞ்சுது."

"அப்புறம் இன்ஜினுக்கு எவன் கடன் குடுப்பான், உன் மாமியாரா?"

உள்ளூர்ப் பதிவுப் படகு நம் கரையோடு சரி. தேசியப் பதிவு இருந்தால் பக்கத்து நாட்டுத் துறைமுகத்திலும் படகுக்கு மரியாதை உண்டு. அடமானத்தையும் அந்தப் பதிவிலேயே ஏற்றலாம் என்பதால் வங்கிக்குத் தைரியம். கணவர் அதற்காகத்தான் அலையாய் அலைந்து வாங்கினார். பழைய இன்ஜின் கையை விரித்துவிட்டது. பதிவு மாறாவிட்டால் கடன் இல்லை. படகு கரையில் கிடந்து மக்க வேண்டியதுதான்.

"அந்த நம்பர் இல்ல அண்ணி" என்றான் தரையைப் பார்த்து.

தேசியப் பதிவுப் படகுக்கு வெளியே பெயரும் துறைமுகமும் எழுதினால் போதும். பதிவு எண்ணைப் படகின் உள்ளே, குறுக்கு மரமான உத்திரத்தில் ஆழமாக வெட்ட வேண்டும். ஆய்வாளர் முதலில் தேடுவது அதைத்தான்.

"எங்க போச்சு?"

"ஒழுக்கு அடைச்சப்ப அதுமேலயும் ஃபைபர் பூசிட்டேன். பள்ளமா இருந்துச்சு, தண்ணி தங்கும்னு நெனச்சேன். இப்ப எந்த உத்திரம்னே தெரியல."

"பள்ளமா இருக்கணும்னுதான்டா வெட்டினதே. எனக்குத் தெரியும். அவர் வெட்டும்போது லைட் புடிச்சது நான்."

"அண்ணன் கோச்சுக்குவாருன்னு சொல்லல."

"இனிமே கோச்சுக்க மாட்டார்."

விரிப்பை உதறிக் கொடியில் போட்டாள்.

மறுநாள் விடிந்ததும் இருவரும் படகுக்குப் போனார்கள். இன்ஜின் அறைக்குள் குனிந்து நுழைந்து, எண்ணெய்த் தொட்டிக்குப் பின்னாலிருந்த உத்திரத்தைக் காட்டினாள். அவன் உளியை ஓங்கினான்.

"இங்க குடு. நம்பரையும் சேர்த்துப் பேத்துடுவ."

புண்ணின் பொருக்கை எடுப்பதுபோல ஓரத்திலிருந்து நெம்பினாள். ஃபைபர் தகடாக உரிந்து வந்தது. அடியில் எண்கள் சிதையாமல் இருந்தன. கணவர் கைப்பட வெட்டியவை. ஏதாவது தோன்றும் என்று சற்று நேரம் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. தூசியை ஊதிவிட்டாள்.

ஆய்வாளர் டார்ச் அடித்து, ஒவ்வோர் எண்ணாக விரலால் தடவிப் பார்த்தார்.

"சரியா இருக்கு. இதுமேல ஏம்மா ஃபைபர் போட்டீங்க?"

கொழுந்தன் தலையைச் சொறிந்தான்.

"ஒழுகுச்சு" என்றாள் அவள்.

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஃபைபர் தூசி கையெல்லாம் அரித்தது. முழங்கைவரை கழுவிக்கொண்டு, சேலை மாற்றி, வங்கிக்குக் கிளம்பினாள்.