ஆண்டாயியின் கை

எங்கள் எஸ்டேட்டில் ஆண்டாயியின் வாய்க்குப் பயப்படாத ஆள் இல்லை. கொழுந்து பறிப்பதிலும் முதல் ஆள், சூப்பர்வைசரோடு சண்டை பிடிப்பதிலும் முதல் ஆள். ஆனால் அந்த வாய்க்குச் சம்பந்தமே இல்லாத கை அவளுக்கு. பிள்ளைக்குக் குடல் ஏறிவிட்டது, சோறு இறங்கவில்லை என்றால் லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் அவளிடம்தான் போவோம். விடியற்காலையில், வெறும் வயிற்றில், விளக்கெண்ணெய் தடவி மூன்று நாள் குடல் தட்டிவிடுவாள்.

போன மாசியில் என் மகள் கீர்த்தனாவுக்கு வயிற்று வலி வந்தது. பதினாறு வயது. இரண்டு மாதமாகவே மெலிந்துகொண்டு வந்தாள். பரீட்சைக் கவலை என்று விட்டுவிட்டேன், மடையன்.

முதல் நாள் ஆண்டாயி தட்டியதும் வலி விட்ட மாதிரி இருந்தது. மறுநாள் காலை வயிறு உப்பிக் கல்லாகக் கிடந்தது. பச்சையாக வாந்தி எடுத்தாள். ஆண்டாயி கை வைத்த வேகத்தில் எடுத்துவிட்டாள்.

“ஏனுங்கண்ணா, புள்ள வெளிக்குப் போயி எத்தன நாளாச்சு?”

எனக்குத் தெரியவில்லை. கீர்த்தனாதான் முனகினாள். “நாலு நாளு அத்தை. காத்துக்கூடப் பிரியல.”

“இது என்ற கைக்கு அடங்காதுங்க. ஜீப்ப எடுங்க.”

நான் எஸ்டேட் ஜீப் டிரைவர். இருந்தும் தயங்கினேன். “மூணு நாள் தட்டுனாத்தானே சரியாகும்? நாளைக்கும் பாத்துட்டு...”

“வாய மூடிட்டு எடுங்கண்ணா!”

பர்லியாறு மலைப்பாதை வளைவுகள் முழுக்க அவள் மடியில்தான் கீர்த்தனா கிடந்தாள். கோயம்புத்தூரில் அன்றே ஆபரேஷன். பெருங்குடலை அடைத்திருந்தது புற்றுநோய்க் கட்டி. இந்த வயதில் அபூர்வம், அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வருவதில்லை என்றார் டாக்டர். அடைத்த குடலை இன்னொரு முறை அழுத்தித் தட்டியிருந்தால் கிழிந்திருக்கும் என்றும் சொன்னார். பக்கத்தில் நின்று ஆண்டாயி கேட்டுக்கொண்டிருந்தாள்.

கீர்த்தனா வீடு திரும்பிய பிறகு ஆண்டாயி எங்கள் வாசல் பக்கம் வரவே இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவர்களையும் ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்பினாள். அவள் சண்டையும் ஓய்ந்து, சூப்பர்வைசர்கூட நிம்மதியாக இருந்தார். எனக்குத்தான் தாங்கவில்லை.

கீர்த்தனாவுக்கு இன்னும் நான்கு முறை கீமோ மருந்து ஏற்ற வேண்டும். அப்புறம் எப்படி என்று டாக்டரே உறுதி சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவள் கம்பளிக் குல்லாயை மாட்டிக்கொண்டு ஆண்டாயி வீட்டுக்குத் தானே நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். அடுப்பருகில் உட்கார்ந்திருந்த ஆண்டாயியின் கையைப் பிடித்து, ஸ்வெட்டருக்கு மேலே, தழும்பின் மீது வைத்துக்கொண்டாள்.

“தட்ட வேண்டாம் அத்தை. சும்மா வெச்சிருங்க. குளுருது.”

ஆண்டாயி கையை எடுக்கவில்லை. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“புள்ள இப்புடி எளச்சுக் கெடக்குது, ஊட்டுல சோறு போடறீங்களா இல்லீங்களா?”

திட்டத் தொடங்கியவள் நிறுத்தவே இல்லை. அத்தனையும் வாங்கிக்கொண்டு, நானும் அழுதுகொண்டு நின்றேன்.