இசக்கிதுரைக்கு அஞ்சலி, பதினேழு நிமிடம்

முத்துசெல்வியைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். சாமியாடுகிற பொம்பளையைப் போட்டி அரங்கத்தில் முதல் வரிசையில் உட்கார வைத்தது நான்தான். மூட்டுவலிக்காரி, பின்வரிசைக்குப் படி ஏற மாட்டாளே என்று வைத்தேன். அதனால் நடந்த எதற்கும் இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

என் பெயர் கிருஷ்ணவேணி. கோவில்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பேன், கோவில் கொடைத் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுப்பேன். முத்துசெல்வி எனக்கு அடுத்த வீடு. வயது நாற்பத்து மூன்று. தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டும் பகுதியை மேற்பார்வை பார்க்கிறாள். அவளுக்கும் அவள் புருஷன் தங்கப்பாண்டிக்கும் பசுவந்தனைப் பக்கம் ஒரே ஊர். அங்கே அவர்களுக்கு ஆடும் கொஞ்சம் மானாவாரிக் காடும் இன்றைக்கும் உண்டு.

இவள் வீட்டுக்குப் பியானோ வந்ததே ஒரு கூத்து. முதலாளி வீட்டில் மகளுக்கு வாங்கியது. மகள் கல்யாணம் முடிந்து வெளிநாடு போனதும், அது குடோனில் குச்சி மூட்டைகளோடு கிடந்தது. எடத்தை அடைக்குது, விறகுக்காவது யாராவது தூக்கிப் போங்கள் என்று முதலாளி சொன்னார். இவள் தங்கப்பாண்டி ஆடு ஏற்றும் லோடு வண்டியிலேயே அதை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். தெருவே வாசலில் நின்று சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

பதினோரு வருஷம். செல்போனில் பார்த்துப் பார்த்து, வேலைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம், வந்தபின் ஒரு மணி நேரம். எங்கள் கரிசல் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்குப் பிளக்கும். ஐப்பசி வந்தால் பியானோவின் ஒரு கால் தரையோடு சேர்ந்து இறங்கிவிடும். தீப்பெட்டிக்கு வருகிற மரச்சில்லை அடுக்கி முட்டுக்கொடுத்து வாசிப்பாள். பாக் என்ற வெள்ளைக்கார இசை மேதையின் பெயரை நான் கேட்டது அவள் சொல்லித்தான். ஒரு கை சொன்னதை இன்னொரு கை பின்னாலேயே துரத்திக்கொண்டு போய்ச் சொல்லும், அதுதான் அவர் பாணி என்பாள். அவர் செத்து நூறு வருஷம் கழித்துப் பிறத்தியார் அவருடைய பெயரின் எழுத்துகளையே ஸ்வரமாக வைத்து அவருக்கு அஞ்சலி எழுதினார்களாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். "பாத்தியாக்கா, செத்தவருக்கு இப்படியும் மாலை போடலாம்" என்றாள். அப்போதே அவள் மனசில் ஒருவர் இருந்தார்.

அவர் கயத்தாறு இசக்கிதுரை. நையாண்டி மேளத்தில் நாயனம் வாசித்தவர். இவர்கள் ஊர்க் காளியம்மன் கொடைக்கு இருபத்தாறு வருஷம் வந்தார். அந்தக் கோவிலில் ஒரு வழக்கம். சாமி இறங்கும் மெட்டை எடுத்துவிட்டால், சாமி மலையேறும் வரை நிறுத்தக் கூடாது. நடுவில் நின்றால் சாமியாடி விழுந்து அந்த வருஷம் பூராவும் படுத்துவிடுவாள் என்று பயம். நேரம் ஆனதும் சாமியே மேளத்துக்குப் பக்கத்தில் வந்து நாயனக்காரர் நெற்றியில் திருநீறு பூசி, பெயர் சொல்லிப் போதும் என்று உத்தரவு கொடுக்கும். அப்புறம்தான் அவர் சீவாளியை வாயிலிருந்து எடுப்பார். நானும் போயிருந்த ஒரு கொடையில் சாமி முக்கால் மணி நேரம் நின்று ஆடியது. இசக்கிதுரைக்கு உதடு வெடித்து ரத்தம் சட்டையில் வடிந்தது. மனுஷன் நிறுத்தவில்லை.

அப்படிப்பட்டவர் பெயர் ஒரு நோட்டீசிலும் வந்தது கிடையாது. வரி கொடுத்தவர் பெயர், பந்தல் போட்டவர் பெயர், மைக் செட்டுக்காரர் பெயர் எல்லாம் வரும். கடைசியில் 'கயத்தாறு மேளம்' என்று ஒரு வரி. அந்த நோட்டீசுகளை அடித்துக் கொடுத்தவள் நான். எழுதிக் கொடுத்ததை அடித்தேன், எனக்கு அது உறைக்கவே இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் இறந்தார்.

அவருடைய மெட்டை வைத்து முத்துசெல்வி பியானோவுக்கு ஒன்று கட்டினாள். இடது கையில் தவில் போலத் திரும்பத் திரும்ப ஒரே அடி. வலது கையில் நாயனம். பிறகு நாயனம் இடது கைக்கு இறங்கும், வலது கை அதைத் துரத்தும். மூன்று வருஷம் திருத்தினாள்.

அந்தச் சமயத்தில்தான் தூத்துக்குடியில் ஒரு இசைப் பள்ளி பியானோ போட்டி அறிவித்தது. முந்தைய மேதை ஒருவருக்குப் பின்னால் வந்தவர் செய்த அஞ்சலி எதையாவது வாசிக்க வேண்டும், சொந்தமாக எழுதியதும் ஆகலாம், ஆறு நிமிடம், மணி அடித்தால் நிறுத்த வேண்டும். விண்ணப்பத்தை நான்தான் போட்டேன். 'மேதையின் பெயர்' என்ற கட்டத்தில் கயத்தாறு இசக்கிதுரை என்று அடித்தேன். மறுநாளே போன். இசக்கிதுரை யார், உலகத்துக்குத் தெரிந்த பெயராகப் போடுங்கள் என்றார்கள். முத்துசெல்வி போனை வாங்கி, எனக்குத் தெரியும், அது போதும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

போட்டியன்று காலையில் நாங்கள் மூன்று பேர் போனோம். மூன்றாவது ஆள் சுப்புத்தாய், தங்கப்பாண்டியின் அக்கா. காளியம்மன் கொடையில் இருபது வருஷமாகச் சாமியாடுகிறவள். அவளுக்குப் பியானோவும் வேண்டாம், பாக்கும் வேண்டாம். கடற்கரையில் கருவாடு வாங்க வேண்டும் என்று கிளம்பி வந்தாள், வாங்கிய பையோடுதான் அரங்கத்துக்கும் வந்தாள். இந்தப் பியானோப் பொட்டிக்கா சாமி வந்துவிடப் போகிறது என்று நானும் முத்துசெல்வியும் நினைத்தோம். சாமிக்கு நாயனம்தானே தெரியும்.

வாசலில் நிகழ்ச்சித் தாள் கொடுத்தார்கள். முத்துசெல்வி பெயருக்கு நேரே 'பாக் அவர்களுக்கு அஞ்சலி' என்று அச்சடித்திருந்தது. எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. போய்க் கேட்டேன். அச்சாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது, வாசிப்பதானால் வாசிக்கட்டும் என்றார் ஒருங்கிணைப்பாளர். திரும்பிப் போய்விடலாம் என்றேன். அவள் தாளை மடித்து இடுப்பில் செருகினாள். "பேரத்தானக்கா மாத்துனாவ. மெட்ட எப்படி மாத்துவாவ?" என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போனாள்.

தாளில் போட்டிருந்ததையே நம்பி எல்லோரும் கேட்டார்கள். சென்னையிலிருந்து வந்த நடுவர் முதல் இரண்டு நிமிடம் தலையாட்டினார். நாயனம் இடது கைக்கு இறங்கியதும் தலை நின்றுவிட்டது. பேனாவைக் கையில் எடுத்தார். நான் அவரையே முறைத்துக்கொண்டிருந்ததில் பக்கத்தில் இருப்பவளைக் கவனிக்கவில்லை. கருவாட்டுப் பை என் காலில் விழுந்த பிறகுதான் திரும்பினேன். சுப்புத்தாய்க்குத் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஐந்தாவது நிமிட எச்சரிக்கை மணி அடித்தது. சுப்புத்தாய் குரலெடுத்து எழுந்து நின்றாள், கொண்டை அவிழ்ந்தது. மூட்டுவலி போன இடம் தெரியவில்லை. முன்வரிசைக்காரர்கள் நாற்காலியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். முத்துசெல்வி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கடைசி மணியும் அடித்தது. அவள் கை நிற்கவில்லை.

மணியை விடாமல் அடித்தார்கள். ஒருங்கிணைப்பாளர் மேடையோரம் வந்து, நிறுத்தாவிட்டால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவோம் என்றார். அவள் தலையைத் தூக்காமலே பதில் சொன்னாள்.

"நீக்குங்க சார். சாமி வந்திருக்கு. அது மலையேறாம நான் கைய எடுக்க மாட்டேன்."

அவர் பியானோ மூடியை நோக்கிக் கையை நீட்டினார். நான் எப்படி மேடை ஏறினேன் என்று எனக்கே தெரியாது. அவருக்கும் பியானோவுக்கும் நடுவில் போய் நின்றேன். மூன்று வருஷம் எழுதியது ஐந்தே முக்கால் நிமிடத்துக்குத்தான். அது கடைசி மணிக்கு முன்பே தீர்ந்துவிட்டது. திரும்ப முதலிலிருந்து எடுத்தாள், வேகம் கூட்டினாள், எழுதாததையெல்லாம் வாசித்தாள். வேர்வை கட்டைகளில் சொட்டியது. கீழே சுப்புத்தாய் நாற்காலி வரிசைகளுக்கு நடுவில் ஆடிக்கொண்டிருந்தாள். எனக்குக் கொடையில் உதடு வெடித்து நின்ற மனுஷன் ஞாபகத்துக்கு வந்தார்.

கடைசியில் சுப்புத்தாய் மேடைக்கு ஏறி வந்தாள். இடுப்புச் சுருக்குப் பையைத் திறந்தாள். முத்துசெல்வியின் நெற்றி நிறையத் திருநீறைப் பூசினாள்.

"ஏலே இசக்கிதுரை," என்றாள், "போதும்."

முத்துசெல்வி மெட்டை முடித்து, கையை எடுத்தாள். சுப்புத்தாய் என் மேல் சாய்ந்து தண்ணீர் கேட்டாள். தான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரியாது, கருவாட்டுப் பை எங்கே என்றுதான் அடுத்துக் கேட்டாள்.

சென்னை நடுவர் எழுந்து வந்தார், இசக்கிதுரை என்றது யாரை என்று கேட்டார். முத்துசெல்வி இடுப்பிலிருந்த தாளை எடுத்து விரித்தாள், அவர் கையிலிருந்த பேனாவையே கேட்டு வாங்கினாள். பாக் பெயரைக் கோடு போட்டு அடித்தாள். மேலே கயத்தாறு இசக்கிதுரை என்று எழுதினாள்.

"பாக் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல சார். அவியளுக்கு எழுத ஆயிரம் பேரு இருக்காவ. இவியளுக்கு நான் ஒருத்திதான் இருக்கேன். தள்ளுபடின்னு எழுதிக்கோங்க. ஆனா யாருக்கு வாசிச்சேன்னும் சேத்து எழுதுங்க."

நடுவர் தாளை வாங்கிக்கொண்டார்.

நான்கு நாள் கழித்து முடிவுகள் ஆன்லைனில் வந்தன. பரிசு பெற்றவர்கள் பட்டியல் முடிந்து, கடைசியில் தகுதி நீக்கம் என்று ஒரே ஒரு வரி. முத்துசெல்வி, கோவில்பட்டி. கயத்தாறு இசக்கிதுரைக்கு அஞ்சலி. பதினேழு நிமிடம்.

எனக்குத் தெரிந்து அவர் பெயர் நாலு பேர் பார்க்க எழுத்தில் வந்தது அதுதான் முதல் தடவை. கலரில் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து கொடுத்தேன், பியானோ மேல் வைத்திருக்கிறாள். இந்த வருஷக் கொடை நோட்டீசுக்கு ஊர்க்காரர்கள் எழுதிக் கொண்டுவந்தபோது, புதிதாக வரும் நாயனக்காரருக்குப் பெயர் இருக்குமே, அது எங்கே என்று கேட்டேன். மேளம் என்று போட்டால் போதாதா என்றார்கள். பெயர் இல்லாமல் என் கடையில் அச்சாகாது என்று சொல்லிவிட்டேன்.