ஆயுத பூஜையும் ஈர நிக்கலும்

பயம் என் கூடவே பிறந்தது. குக்கர் விசில் அடித்தாலே இரண்டடி பின்னால் போகிறவள் நான். எனக்குப் போய் வாய்த்த வேலை, திருச்சியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நிக்கல் தூளோடு குடித்தனம் நடத்துவது. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளில் மிஞ்சும் உமியிலிருந்து ஒரு திரவம் எடுப்போம். அதை ஹைட்ரஜனோடு சேர்த்து, பிசின் தயாரிக்க உதவும் ரசாயனமாக மாற்றித் தரும் வினையூக்கிதான் அந்த நிக்கல். பார்க்க அடுப்புக்கரித் தூள் மாதிரி சாதுவாக இருக்கும். ஆனால் எப்போதும் தண்ணீருக்கடியிலேயே வைத்திருக்க வேண்டும். காய்ந்தால் தீக்குச்சியே வேண்டாம், காற்றுப் பட்டுத் தானாகப் பற்றிக்கொள்ளும்.

உமியிலிருந்து திரவம் எடுக்கும் வேலைக்கு அப்போதுதான் ஒருத்தி புதிதாகச் சேர்ந்திருந்தாள். என்னைப் போலவே ஸ்ரீரங்கம். கோயில் கைங்கர்யக் குடும்பம். சுத்தம் என்றால் உயிரை விடுவாள். ஆயுத பூஜைக்கு ஆய்வகத்தைத் தானே துடைத்து வைப்பதாக அவள் சொன்னபோது, மகராசியாக இரு என்று வாழ்த்திவிட்டுப் போனேன்.

பூஜையன்று காலையிலிருந்து தூறல். காவிரிப் பாலத்தில் பஸ் நகரவே இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மேஜையில் பொரி, சுண்டல், சந்தனம் குங்குமம் இட்ட தராசு, குடுவைகள் எல்லாம் தயார். விளக்கும் ஏற்றியாகிவிட்டது. பக்கத்தில் சட்டென்று தீப்பிடிக்கும் மெத்தனால் பாட்டில், அதற்கும் ஒரு பொட்டு. அதையடுத்து வடிதாளில் கறுப்பாக ஏதோ பரப்பியிருந்தது.

"அது என்னது?"

"உங்க நிக்கல்தான் அக்கா. அழுக்குத் தண்ணில ஊறிண்டிருந்தது. வடிச்சு, அலம்பி வெச்சேன். ஈரத்தோட பூஜைல வெக்கலாமோ? சீக்கிரம் காயட்டும்னு ஃபேனையும் போட்டேன்."

அவள் கையில் தீப்பெட்டி, கற்பூரத் தட்டு. கத்தினால் பதறி எதையாவது தட்டிவிடுவாளோ என்று கத்தவும் பயம்.

"எதையும் ஏத்தாத. தட்டைக் கீழ வெச்சிட்டு மெதுவா வாசப் பக்கம் போம்மா."

ஃபேனை நிறுத்தினேன். விளக்கை அணைத்தேன். நல்ல நாளில் விளக்கை அணைக்கிறேனே என்று அதற்கும் ஒரு பயம். மெத்தனாலைத் தூக்கித் தள்ளி வைத்தேன். தூள் பெரும்பாலும் ஈரமாகத்தான் இருந்தது. அந்தத் தூறலுக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். ஆனால் ஓர் ஓரம் மட்டும் காய்ந்து வெளுத்திருந்தது. அங்கே சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி. குங்குமம் சிந்தியிருக்கிறது என்று நினைத்தேன். அது ஊர்ந்தது.

பூஜைக்கு வைத்திருந்த சொம்புத் தண்ணீரை எடுத்தேன். வேகமாக ஊற்றினால் தூள் சிதறும். ஓரத்திலிருந்து மெல்ல ஊற்றினேன். புஸ்ஸென்று ஒரு சத்தம், தாள் கருகிய வாடை. புள்ளி அணைந்துவிட்டது.

வாசலில் நின்றிருந்தவளுக்கு அப்போதுதான் விஷயத்தைச் சொன்னேன். அவள் தன் கையைப் பார்த்தாள்.

"நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அக்கா, காஞ்சுடுத்தான்னு தொட்டுப் பார்த்தேன்."

அவள் விரல் நுனியெல்லாம் கறுப்பு. அந்தக் கையை வெடுக்கென்று இழுத்துச் சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரில் முக்கினேன். போதும் அக்கா, போதும் அக்கா என்று அவள் அழுதும் வெகுநேரம் விடவில்லை.